அவர் மண்ணைத்தான் கேட்டார்

ஒரு பெண் தன் எலும்புகளை எரிக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் இறந்தபின், அவரை என்ன செய்வது என்று கேட்டு வந்தவரிடம், அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் சொன்னேன். அவரை எரித்தார்கள். எனக்கு மறதி வந்திருக்கவில்லை. கேள்வி விளங்காமலும் இல்லை. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுதுவதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரியது என்று விளங்காது. அதனால் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுத மாட்டேன். தன் பெயர் பலர் வாயில் விழுவதை அவர் விரும்பியதில்லை.

வெம்பிளியில் எங்களுடையது வரிசை வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் மகளும். அந்தப் பக்கம் அவர் தனியே. எண்பத்து மூன்று இனக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து ஆட்களில் நாங்களும் சேர்த்தி. ஊரில் வரலாறு படிப்பித்த நான் இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தேன். வந்த மறு வருடமே மனைவி புற்றுநோயில் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் உயரமானவர், அகலமானவர், எங்கள் நிறத்தை விடக் கொஞ்சம் வெளிர்ந்தவர். மொரிசியஸ் தமிழச்சி என்றுதான் எங்கள் ஆட்கள் முதலில் நினைத்தார்கள். ஹவாய்த் தீவுகளில் பிறந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பலில் வானொலி வேலை செய்த ஓர் ஆங்கிலேயரைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறி, ஓய்வு பெற்று, கணவரையும் சாகக் கொடுத்துவிட்டு இருந்தார். கணவரின் முதல் தாரத்து மகன் ஒருவர் வடக்கே எங்கோ இருந்தார். இவருக்கென்று பெற்ற பிள்ளைகள் இல்லை.

முதலில் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அயல் என்ற மரியாதைக்காக மகள் அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். அவர் வரும்போது கையில் தன்னுடைய கோப்பையைக் கொண்டு வந்தார். நீலக் கோடு போட்ட தடித்த கோப்பை. அதிலேயே ஊற்றச் சொல்லிக் குடித்தார். முடிந்ததும் கழுவ விடவில்லை. கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு உள்ளே கொதித்தது. யாழ்ப்பாணத்தில் தனிக் கோப்பை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் குசினி வாசலில் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தகரப் பேணி கவிழ்த்து வைத்திருக்கும். அதில் தண்ணீர் வார்த்த கை என்னுடையதும்தான்.

"எங்களைக் குறைஞ்ச ஆக்கள் எண்டு நினைச்சிட்டாபோல," என்றேன் மகளிடம்.

"அப்பா, அவவுக்கு எங்கடை சாதி ஒண்டும் தெரியாது. நீங்கள்தான் அதைப் பெட்டிக்குள்ளை வைச்சுக் காவிக்கொண்டு வந்தனீங்கள்," என்றாள்.

கோப்பைக்குக் காரணம் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெம்பிளிப் பெருந்தெருவில் குஜராத்திப் பெண் ஒருவர் நடத்தும் முடி வெட்டும் கடை இருந்தது. மகள் அங்கே போனபோது இவரும் இருந்தாராம். முடி வெட்டி முடிந்ததும் குனிந்து, நிலத்தில் கிடந்த தன் முடியை ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்து ஒரு கடதாசிப் பையில் போட்டாராம். "தலையணை செய்யப் போறீங்களா?" என்று கடைக்காரி கேட்க, "இந்த வயதில் அதற்குப் போதாது," என்று சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பின்வளவில் குழி தோண்டிப் புதைத்தார். அதை நானே வேலிக்கு மேலால் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"கேளுங்கள் மாஸ்டர். கேட்காமல் இருப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது," என்றார்.

ஆட்கள் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படியே கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன்.

அன்று வேலிக்கரையில் நின்றபடி சொன்னார். அவருடைய தீவுகளில் பழைய தலைவர்களின் முடி, நகம், எச்சில் எதுவும் கண்டபடி கிடக்கக்கூடாது. பகைவன் கையில் அகப்பட்டால் அதை வைத்து மந்திரித்து ஆளையே கொன்றுவிடுவான். அதனால் தலைவர் துப்புகிற பாத்திரத்தை ஏந்திக்கொண்டு கூடவே ஒருவர் போவார். அது இழிந்த வேலை இல்லை. மிக நம்பிக்கையான ஆளுக்கு, பெரும்பாலும் சொந்தக்காரருக்குத்தான் அந்த வேலை. தன் கோப்பையை அவர் ஏன் எங்களிடம் விட்டுப் போகவில்லை என்று அப்போது எனக்கு விளங்கியது.

"செய்வினை. எங்கள் ஊரிலும் உண்டு," என்றேன்.

"உங்கள் ஊரில் எச்சிலைக் காக்க ஆள் வைத்தார்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் உங்களில் பெரிய ஆட்கள் இருக்கவில்லை," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தட்டினார்.

அப்படித்தான் அவர் தலைவர்களின் வம்சம் என்று தெரிந்தது. நேராகச் சொன்னதில்லை. எப்போதும் பகிடியின் ஓரத்தில் வரும். அடுத்த வாக்கியத்தில் மறைந்துவிடும். நான் சும்மா இருக்கவில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த என் நண்பர் ஒருவரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்: என் பக்கத்து வீட்டில் ஓர் அரச வம்சத்துப் பெண் இருக்கிறார் என்று. அவர் சிரித்தார்.

"மாஸ்டர், லண்டன் வந்த எங்கடை சனத்திலை ஊரிலை மணியகாரன்ரை பேரன் இல்லாதவன் ஆர்? அவ ராணியெண்டால் இருந்திட்டுப் போகட்டும். பென்சன் எடுக்கப் போகேக்கை லைனிலைதானே நிக்கிறா."

அதை நான் அவரிடம் சொன்னபோது அவருக்கும் அது பிடித்திருந்தது. "உங்கள் நண்பர் சரியாகச் சொல்லியிருக்கிறார்," என்றார்.

எனக்கு வம்சக் கதை பிடிக்கும். வரலாற்று ஆசிரியன் என்பது ஒரு காரணம். யாழ்ப்பாணத்தான் என்பது மற்றக் காரணம். ஒரு மாலை அவர் வீட்டில் இருந்து என் பூர்வீகத்தை ஏழு தலைமுறைக்குச் சொன்னேன். எந்தக் கோயிலுக்கு யார் தேர் கொடுத்தது, எந்த வளவு யாருக்குச் சீதனமாகப் போனது எல்லாம். அவர் நடுவில் ஒரு சொல் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"இதையெல்லாம் உங்களிடம் யார் கேட்டார்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர்களுடைய முறையில் தலைவர்களுக்குத்தான் பெயர் வரிசை உண்டாம். தாய் வழி, தந்தை வழி இரண்டையும் கோத்துப் பாட அதற்கென்று பழகிய ஆட்கள் இருந்தார்கள். சாதாரண குடிகளுக்குப் பாட்டன் பாட்டியோடு சரி. வரிசை உள்ளவரும் அதை விருந்தில் எடுத்து வைக்க மாட்டார். யாராவது அவருடைய இடத்தைக் கேள்வி கேட்டால் மட்டும்தான் அது வெளியே வரும்.

"உங்களுடையது எத்தனை தலைமுறை?" என்று கேட்டேன்.

"என் இடத்தை நீங்கள் கேள்வி கேட்கிறீர்களா?"

"இல்லை, இல்லை."

"அப்படியென்றால் பிஸ்கட்டை எடுங்கள்."

மறைவது அவருக்குப் பயம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். படம் எடுக்கிற இடத்தில் மெதுவாக நழுவிவிடுவார். வாசல் மணியில் கணவரின் குடும்பப் பெயர்தான். ஒரு வெயில் நாள் பஸ் தரிப்பில் நிற்கும்போது என் நிழல் அவர் காலடியில் விழுந்தது. அவர் கீழே பார்த்துச் சிரித்தார். "பழைய காலமானால் இதற்கு உங்கள் தலை போயிருக்கும் மாஸ்டர்," என்றார். தலைவரின் மேல் குடியானவன் நிழல் விழுந்தால் மரணமாம். மிக உயர்ந்த பிறப்புள்ளவர்கள் வந்தால் ஊரே குப்புற விழுந்து கிடக்க வேண்டுமாம்.

"கொடுமையான ஆட்கள்," என்றேன்.

"கொடுமைதான். அதனால் அவர்களில் சிலர் பகலில் வெளியே வருவதே இல்லை. தாங்கள் நடந்தால் தோட்டத்தில் நிற்கிறவனும் வலை இழுக்கிறவனும் விழுந்து கிடக்க வேண்டும், வேலை கெட்டுப்போகும் என்று இருட்டிய பிறகுதான் நடப்பார்கள். என் அம்மா எனக்குச் சொன்னது அந்த ஒரு கதைதான். பெரிய ஆள் என்றால் மற்றவர்களை நிமிர்ந்து நிற்க விட வேண்டும். அதற்குக் கொஞ்சம் மறைந்து இருக்க வேண்டும்."

பஸ் வந்தது. அவர் வரிசையில் எனக்குப் பின்னால்தான் ஏறினார்.

அவர் எங்கள் வீட்டில் முதல்முறை சாப்பிட்ட நாளும் நினைவிருக்கிறது. மகள் தோசை சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் அவரும் மேசையில். அவர் கை வைக்கவில்லை.

"அவளும் இருக்கட்டும்."

"அவள் பிறகு சாப்பிடுவாள். எங்கள் வழக்கம்," என்றேன்.

அவர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, எங்கள் தீவில் ஆண்கள் வேறாகவும் பெண்கள் வேறாகவும்தான் சாப்பிட வேண்டும். மீறினால் மரணம். ஒருநாள் எங்கள் இளம் அரசன் எழுந்துபோய்ப் பெண்களின் மேசையில் இருந்து சாப்பிட்டான். அவன் அம்மாவும் இன்னோர் அரசியும்தான் அவனை அதற்குத் தூண்டினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வானம் விழும் என்று நினைத்தார்கள். விழவில்லை. பழைய சட்டம் எல்லாம் அந்த மேசையோடு முடிந்தது. நீயும் இரு. உன் அப்பாவின் வானத்தைப் பார்ப்போம்."

மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நின்று பரிமாறியதில்லை. அவளுக்கு அவர் அன்ரி ஆனதும் அன்றுதான்.

ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு நடு லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருப் பக்கம் போவார். தேம்ஸுக்கு மேலே ஒரு சிறு தெரு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன், பெண்களோடு இருந்து சாப்பிட்ட அதே அரசன் தன் அரசியோடு லண்டனுக்கு வந்து அந்தப் பகுதியில் ஒரு ஹோட்டலில் தங்கினானாம். இங்கிலாந்து அரசனைப் பார்க்க வந்தவர்கள். பார்ப்பதற்குள் இருவருக்கும் சின்னமுத்து அம்மை கண்டது. முதலில் அவள் போனாள். சில நாளில் அவனும். ஹோட்டல் இப்போது இல்லை. அவர் பூ வைக்க மாட்டார், கும்பிட மாட்டார். நடைபாதையில் கொஞ்ச நேரம் நிற்பார். ஆட்கள் இடித்துக்கொண்டு போவார்கள். பிறகு தேநீர் குடிக்கப் போவோம்.

"இவ்வளவு தூரம் வந்து செத்தார்களே," என்றேன் முதல் தடவை.

"போர்க்கப்பலில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். எலும்பு வீட்டுக்குப் போனது," என்றார். "அதுதான் காரியம்."

எலும்பு ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று அவர் என்னிடம் விளக்கியது ஒரு குளிர்கால மத்தியானம். அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். வட லண்டனில் எங்கள் ஆட்களுக்குச் சாவு வந்தால் முதலில் என் வீட்டுத் தொலைபேசிதான் அடிக்கும். ஐயரைப் பிடிப்பது, பெட்டிக்காரரோடு கதைப்பது, சுடலையில் நேரம் எடுப்பது எல்லாம் எனக்குக் கை வந்த வேலை. அவர் அதைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"நீங்கள் எல்லாரையும் எரிக்கிறீர்கள்," என்றார்.

"அது எங்கள் முறை. அக்கினி சுத்தப்படுத்தும்."

"பிழை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பழைய முறையில் எலும்பில்தான் ஆள் இருக்கிறார். அவருடைய வலு இருக்கிறது. தலைவர் இறந்தால் நம்பிக்கையான ஒருவன் தனியே கொண்டுபோய் ஒளித்து வைப்பான். குகையில், பாறையில், எங்கேயோ. பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டான். பகைவன் எடுத்தால் அதில் தூண்டில் முள் செய்வான். எரிப்பது என்றால் அதை விட மோசம். குற்றவாளிக்குச் செய்வது. ஆளை இல்லாமலே ஆக்குவது."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னைக் குகையில் வைக்க வேண்டாம். வெம்பிளியில் குகை இல்லை." அவர் சிரிக்கவில்லை. "மண்ணில் வையுங்கள். கல் வேண்டாம், பெயர் வேண்டாம். எந்த இடம் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்."

"உங்கள் கணவரின் மகனுக்குச் சொல்லலாமே."

"அவன் நல்லவன். ஆனால் என் ஆள் இல்லை. நான் செத்தால் அவன் உங்களிடம் வந்து கேட்பான், வேறு யாரையும் அவனுக்கு இங்கே தெரியாது. அப்போது நீங்கள் சொல்லுங்கள். அவன் சரி என்பான். அவ்வளவுதான் உங்கள் வேலை."

எழுதி வைத்தால் நல்லது என்றேன். ஆசிரியன் புத்தி.

"எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். எனக்கு ஒரு வாய் போதும் மாஸ்டர்."

சரி என்று சொன்னேன். ஏன் என்னை என்று கேட்டபோது, "உங்கள் ஆட்களில் யாருக்கும் என் ஆட்களைத் தெரியாது, இடம் வெளியே போகாது," என்றார். பிறகு, "பழைய காலத்தில் எச்சில் பாத்திரம் ஏந்த உங்களை வைத்திருப்பேன்," என்றும் சொன்னார். அதை விடப் பெரிய வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த வருடம்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசினோம். பார்க்கிங் நண்பர் கொண்டு வந்த இடம். மாப்பிள்ளை கணக்காளர், மகளுக்கும் பிடித்திருந்தது. விம்பிள்டன் கோயிலில் இருவரும் பார்த்துக் கதைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்தான் எல்லாவற்றையும் விசாரிக்கிறவர். எங்கள் பூர்வீகம் அவருக்குத் திருப்தி. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. மனைவி இல்லாத மனிசன் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போக்குவரத்தாக இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்தார். ஞாயிறு காலை மாப்பிள்ளையின் தாயும் நண்பரும் முடிவாகக் கதைக்க வந்தார்கள். முன்னறையில் இருந்தோம்.

"பக்கத்து வீட்டிலை ஒரு மனுசி இருந்தவவாம். செத்துப்போனா எண்டு கேள்விப்பட்டம். உங்களுக்கு நல்ல பழக்கமோ?" என்றார் அந்தத் தாய். குரலில் ஒரு குற்றமும் இல்லை. தேநீர்க் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டுக்காரருடைய கணவரின் மகன். நெடிய மனிதர், மழையில் நனைந்த கோட்டு. முன்னறைக் கதவு திறந்திருந்தது. அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் உள்ளே கேட்கும்.

"மன்னிக்க வேண்டும். நீங்கள் அவவுக்கு மிக நெருக்கம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடக்கத்தைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தாவா? இல்லையென்றால் எரிக்கத்தான் யோசித்திருக்கிறேன்."

எனக்குப் பின்னால் கோப்பை தட்டில் படுகிற சத்தம் நின்றது.

"இல்லை. ஒன்றும் சொல்லவில்லை," என்றேன். அது போதாதென்று, "எனக்கு அவ்வளவு பழக்கமில்லை," என்றும் சொன்னேன்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் திரும்பி வந்து இருந்தேன்.

"ஆர் அது?" என்றார் அந்தத் தாய்.

"பக்கத்து வீட்டு ஆக்கள். முகப்பழக்கம்."

"அதுதானே," என்று நண்பர் உடனே சேர்த்துக்கொண்டார். "மாஸ்டருக்கு எங்கை நேரம்? சாவு வீடும் கோயிலுமா ஓடித்திரியிற மனிசன்."

அன்று மத்தியானமே நாள் குறித்தோம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு நிமிடத் தடுமாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். சுடுவதற்கு இன்னும் நாள் இருந்தது. மகன் பக்கத்து வீட்டிலேயே தங்கியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சாமான் கட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வேலிக்கரைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போகவில்லை. சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். கதை எப்படியோ வெளியே போகும். மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டும். அதோடு சமயத்தையும் துணைக்குக் கூப்பிட்டேன். என் தாயை எரித்தோம், தகப்பனை எரித்தோம், மனைவியை எரித்தோம், அவர்களுக்கு என்ன குறை என்று எனக்கே பிரசங்கம் செய்தேன்.

சுடலைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர். கடைசி வரிசையில் இருந்தேன். அந்த மண்டபத்துக்கு எங்கள் ஆட்களுக்காக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். திரை மூடினபிறகு அந்தப் பக்கம் என்ன நடக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், கடைசியில் மிஞ்சுகிற எலும்பை எப்படிப் பொடியாக்குவார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். திரை மூடியது. எழுந்து நில்லுங்கள் என்றார்கள், நின்றேன்.

மகள் குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அன்ரி அவளுக்கும் ஏதோ சாடையாகச் சொல்லியிருந்தார் போலும். சுடலையால் வந்த அன்று கேட்டாள்.

"அப்பா, அன்ரி உங்களிட்டைச் சொன்னவதானே?"

"உன்ரை கலியாணம் முடியட்டும், பிள்ளை."

"எனக்காகச் செய்தனீங்கள் எண்டு மட்டும் ஒருநாளும் சொல்லாதேங்கோ," என்றாள்.

சொன்னதில்லை. இங்கேயும் சொல்லவில்லை. என் மரியாதைக்காகச் செய்தேன்.

கணவரின் மகன் பக்கத்து வீட்டை விற்க வந்தபோது அவரிடம் போனேன். சாம்பலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இன்னும் சுடலை அலுவலகத்தில்தான் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார். நான் வைத்திருக்கட்டுமா என்றேன்.

"அவ்வளவு பழக்கமில்லை என்றீர்களே," என்றார். குத்திக் கேட்கவில்லை. நினைவு வந்ததைச் சொன்னார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அயல்தானே," என்றேன்.

சாம்பலை வீட்டுக்குள் வைப்பது எங்கள் வழக்கம் இல்லை. முதலில் பின்வளவுக் கொட்டிலில் வைத்தேன். மழை நாளில் மனம் கேட்காமல் உள்ளே கொண்டு வந்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவர் கேட்டபடி எங்காவது மண்ணில் புதைக்கலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன். ஆனால் புதைப்பதற்கு எலும்பு எங்கே? மாவுதான் இருந்தது. அதைப் புதைத்துவிட்டுச் சொன்னதைச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று விளங்கியது. மண்வெட்டியை வைத்துவிட்டேன்.

கலியாணம் முடிந்து, பேரன் பிறந்து, அவன் நடக்கத் தொடங்கியபிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. கணவரின் மகனிடம் கேட்டு, ஹவாயில் இருக்கிற, பக்கத்து வீட்டுக்காரரின் தங்கை மகளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கினேன். பெரியம்மாவின் சாம்பல் என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

"சாம்பலா?" என்றார்.

அடுத்த கோடையில் வந்தார். ஐம்பது வயதுக்குக் கிட்ட. அதே உயரம், அதே அகலம். அதே முன்னறையில், மாப்பிள்ளையின் தாய் இருந்த அதே கதிரையில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளிர்கால மத்தியானம், அவர் கேட்டது, நான் சரி என்றது, வாசல் மணி, தேநீர்க் கோப்பை, முகப்பழக்கம் என்ற சொல், கடைசி வரிசை. ஒன்றையும் மெழுகவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பெரியம்மாவைப் போலவே.

"அந்தக் கலியாணம் நடந்ததா?" என்றார் முடிவில்.

"நடந்தது."

"சந்தோஷமாக இருக்கிறார்களா?"

"ஓம். பிள்ளை இருக்கிறான்."

"நல்லது," என்றார். அவர் அதை உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு சொன்னார்: "இப்போது எங்களிலும் நிறையப் பேர் எரிக்கிறார்கள். கடலில் கரைத்துப் பூப் போடுகிறார்கள். என் அப்பாவையும் அப்படித்தான் செய்தோம். எரித்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அவ கேட்டா. நீங்கள் சரி என்றீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் யாரும் அவவை விசாரிக்கவில்லை. உங்களிடம் விட்டிருக்கிறா என்று நினைத்து நிம்மதியாக இருந்தோம்."

"அவர் என்னிடம் விட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு தடவை போனில் சொன்னா. ஓர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று. பெயர் சொல்லவில்லை."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போதே அது பஸ்ஸில் கால் மிதித்தவன் சொல்கிற சொல்லாகத்தான் வந்தது.

"நீங்கள் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை," என்றார். "யோசித்துப் பார்க்கிறேன்."

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. யோசித்து என்ன முடிவுக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது.

அன்று அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தன் துவாயால் சுற்றி, தோள்பையில் வைத்து, பையை முன்பக்கமாக அணைத்துக்கொண்டார். வெம்பிளி பார்க் நிலையம் வரை கூடவே நடந்தேன். நிலைய வாயிலுக்கு வந்ததும் நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"எங்கே வைப்பீர்கள்? ஊருக்குக் கொண்டுபோவீர்களா, இல்லை இங்கேயா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னார்.

"அதை உங்களுக்குச் சொல்ல முடியாது."

"தெரியும்," என்றேன்.

"இதற்கு மேல் வர வேண்டாம்."

டிக்கெட்டைப் போட்டு உள்ளே போனார். அங்கிருந்து படிகள் பிரிந்து இறங்கும். ஒரு பக்கம் நகரத்துக்குள் போகிற ரயில், மற்றப் பக்கம் வெளியே, வயலும் மரமும் இருக்கிற திசைக்குப் போகிற ரயில். அவர் எந்தப் படியில் இறங்குகிறார் என்று பார்க்கலாம். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் படியை எட்டும் முன்பே நான் திரும்பிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். கீழே ஒரு ரயில் வந்து போயிற்று, பிறகு இன்னொன்று.